மொட்டைத் தென்னையில் குடியிருப்பவர்கள்

என் மச்சானுக்கு, ஓட்டமாவடியிலிருந்து உங்கள் கைறுன்னிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் நிஸ்றாவும் அல்லாஹ்வின் உதவியால் சுகமாக இருக்கிறோம். நீங்களும் கத்தாரில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், உங்கள்மேல் கோபமாக இருக்கும் நாட்களிலும்கூட.

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் பேசத் தொடங்கினால் நீங்கள் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பக்கத்து வீட்டு றமீஸ் நாளை அங்கே வருகிறான். கருவாட்டுப் பொதியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். முதலில் இதை வாசியுங்கள், பிறகு பொதியைப் பிரியுங்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நிஸ்றாவுக்குச் சீதன வீடு கட்டப் பின் வளவில் நீங்கள் குறித்த இடத்தில் நிற்கும் மொட்டைத் தென்னையை நான் வெட்டவிடவில்லை. மேசன் முஹம்மட் கயிறு கட்டி அளக்க வந்த அன்றுதான் மரப்பொந்துக்குள் கிளிக்குஞ்சுகளின் சத்தம் கேட்டது. குஞ்சுகள் பறக்கட்டும், அதுவரை பொறுங்கள் என்று அவரை அனுப்பிவிட்டேன். அதைக் கேட்டுத்தான், "கிளிக்காக மகள்ட வூட்ட நிப்பாட்டி வெச்ச உம்மா நீ ஒருத்திதான்" என்று ஏசிவிட்டு போனை வைத்தீர்கள். அன்று நான் சோறு தின்னவில்லை.

உங்கள் தம்பி ஸாஹிர் உங்கள் கட்சி. நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து மரம் அறுக்கும் வாளோடு வந்திருக்கிறார். பொந்துக்குள் ஒன்றும் இல்லை என்று நிஸ்றாவுக்குக் காட்ட, ஏணியில் ஏறிக் கையை உள்ளே விட்டாராம். தாய்க்கிளி விரலைப் பிடித்ததும் ஏணி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இப்போது கடைத்தெருவில் பாம்பு கொத்த வந்தது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் காட்டிக்கொடுக்கவில்லை. சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

காலையில் கிளிகள் கூட்டமாக வந்து வேலியோரக் கொய்யாவில் இறங்கும். ஒரு பழத்தையும் முழுதாகத் தின்பதில்லை. ஒரு கடி கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும். நிஸ்றா ஏசுவாள். பறவை தின்றால் நமக்குத் தர்மம் கொடுத்த ஸதகாவின் நன்மை என்று நான் சமாளிப்பேன். வெயில் ஏறக் கூட்டம் ஆற்றுக்கு அக்கரை வட்டைக்கு நெல் தின்னப் போய்விடும். கழுத்தில் சிவப்பு வளையம் உள்ள ஆண் கிளி மட்டும் திரும்பத் திரும்ப வந்து, பொந்து வாசலில் தாய்க்கு ஊட்டிவிட்டுப் போகும். அதுவும் குடும்பத்துக்காகத்தான் வெளியே போகிறது, மச்சான். ஆனால் பொழுதுபட, மஃரிபுக்கு முன்னே வந்துவிடுகிறது. குசினியில் சமைத்தபடி யன்னலால் அதைப் பார்க்கும்போது எனக்கு உங்கள்மேல் கோபம் வரும், பிறகு அழுகை வரும்.

போன வெள்ளிக்கிழமை நிஸ்றாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் உம்மா ஏறாவூரிலிருந்து வந்தார். வீட்டு வேலை எங்கே என்று கேட்கப்போகிறார், சம்பந்தம் போய்விட்டது என்று நடுங்கிப்போனேன். தேத்தண்ணீரைக் கையில் கொடுத்து, பின் வளவுக்குக் கூட்டிப்போய் உள்ளதைச் சொன்னேன். அவர் பொந்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, புது வீடு முடிய நீங்கள் இன்னும் எவ்வளவு காலம் அங்கே இருக்க வேண்டும் என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? வீசாவைப் புதுப்பித்த பிறகுதானே ஒவ்வொரு முறையும் எனக்குச் சொல்கிறீர்கள்.

"புள்ளையளுக்கு இருக்கிற இந்த வூடே காணும், புதுசு வேணாம்," என்றார் அவர். "நீங்க ரெண்டு பேரும் எங்க இருப்பீங்க, அதச் சொல்லுங்க."

நம் ஊரில் இது புதிதா? மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பின்னால் ஒதுங்குவது எத்தனை வளவில் நடக்கிறது. நீங்கள்தான் புது வீடுதான் கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். குசினியோடு ஒட்டி ஓர் அறை இறக்கிக் கட்டினால் எங்களுக்குப் போதும், தென்னையைத் தொட வேண்டியதில்லை என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஓம், உங்களைக் கேட்காமல்தான் கொடுத்தேன். நீங்கள் கோபப்பட்டால் படுங்கள். ஆனால் அந்தக் கோபத்தை இங்கே வந்து படுங்கள்.

நிக்காஹ்வை ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு வைக்கலாம் என்கிறார்கள். உங்களுக்கு வர முடியாவிட்டால் தம்பியை உங்கள் இடத்தில் உட்காரவைக்கலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. நிஸ்றா எழுந்து உள்ளே போய்விட்டாள். வாப்பா வந்து கைபிடித்துக் கொடுக்காத கல்யாணம் தனக்கு வேண்டாம் என்று என்னிடம் சொல்லி அழுதாள். அவள் நடக்கப் பழகியதையும் நீங்கள் நான் அனுப்பிய படத்தில்தான் பார்த்தீர்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அதில் மிச்சம் உள்ளதை என்னோடு கழிக்கும் மனதையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கைறுன்னிஸா