ஆறடி வாளிக்கு விலை கேட்ட கடிதம்

மாப்பிள்ளை,

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். வாளி வரும், கரை வெட்டுப்படும், கடைமடைக்குத் தண்ணீர் பாயும், ஒருநாள் உங்கள் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தக் கார்பன் நகலும் வெளியே வரும் என்றேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் ஊரில் யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. நேற்று அது வந்தேவிட்டது. உங்கள் மகள் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மடிப்பில் கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை. இயந்திரத்தை அளந்த கையோடு நீங்கள் எழுதிய தாள் அல்லவா அது.

"மாமா, எழுத்து அப்பாவோடது. கையெழுத்து மட்டும் உங்களோடது. ஏன்?" என்றாள். பெங்களூரில் வேலை பார்க்கிற பெண். அவள் கேள்வி கேட்டால் வக்கீல் நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கிறது. என்னைச் சந்தேகப்படுகிறாளோ என்று காபி ஆறும்வரை யோசித்தேன்.

"அது பெரிய கதைம்மா."

"சுருக்கமா சொல்லுங்க."

சுருக்கமாகச் சொல்ல எனக்கு எப்போது வந்திருக்கிறது? அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்த ஆட்சி அது. நம் பாசன சங்கத்துக்கு மானியத்தில் ஒரு பழைய பொக்லைன் வந்தது. அமைச்சரிடம் நான் நேரில் பேசி வாங்கியது என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். பேசினேன்தான். அவர் காருக்குள் இருந்தார், நான் வெளியே நின்றேன், கண்ணாடி ஏற்றியிருந்தது. அதற்காகப் பேசவில்லை என்று ஆகிவிடுமா?

வந்த இயந்திரத்தில் பல் வைத்த வாளி மாட்டியிருந்தது. பாறை பெயர்க்க நல்லது. நம் வாய்க்கால் சேற்றையும் ஆகாயத்தாமரையையும் அள்ளினால் பாதி வழியிலேயே எல்லாம் நழுவி விழுந்தது. உள்ளூர்ப் பட்டறையில் ஒரு வாளி செய்து மாட்டினோம். இரண்டாவது வாரம் வெல்டிங் விட்டுப்போனது. பல் இல்லாத, அகலமான, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்ட வாளி வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்றார்கள். மானியப் பணத்தில் வாங்குவதென்றால் மூன்று வியாபாரிகளுக்கு ஒரே மாதிரிக் கடிதம் எழுதி விலைப்புள்ளி கேட்க வேண்டும். மேட்டூர் திறப்பதற்குள் வாய்க்கால் தூர்வாராவிட்டால் கடைமடையில் நம் நாற்பது குடும்பத்துக்கும் குறுவை இல்லை. நம் அப்பன்மார் பண்ணையோடு மல்லுக்கட்டி வாங்கிய நிலம். தண்ணீர் ஏறாமல் தரிசாகக் கிடந்தால் பண்ணை எந்த வழியில் திரும்பக் கேட்கும் என்று யாருக்கும் தெரியாது.

எழுத உட்காரும் முன் நீங்கள் அளக்கக் கிளம்பினீர்கள். வாளியையும் இயந்திரத்தின் கையையும் கோக்கிற இரும்புப் பின்னின் கனம் கடிதத்தில் வேண்டும் என்றீர்கள். லேத் பட்டறையில் வெர்னியர் கடன் வாங்கி வந்தீர்கள். நான் பின்னின் நடுவில் வைத்து அளந்து உரக்கச் சொன்னேன். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள்.

"தேஞ்ச எடத்துல அளக்காதீங்க மச்சான். ஓரத்துல அளங்க. செய்யறப்ப இருந்த அளவு அங்கதான் இருக்கும்."

இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன்.

அடுத்து வாய்க்கால். நானே இறங்கி அளந்தேன். ஒரு நல்லபாம்பு காலைச் சுற்றியது. சரி, தண்ணீர்ப் பாம்பு. அடியில் நான்கடி அகலம் இருந்தது. மூன்றடி வாளி போதும் என்று கரையேறினேன். நீங்கள் தாலுகா ஆபீஸில் நகல் எடுத்த புலப்படத்தைக் கைலியில் ஈரம் படாமல் விரித்தீர்கள். படத்தில் அதே வாய்க்கால் எட்டடி. மிச்சம் நான்கடியை வருஷா வருஷம் வரப்பு வெட்டுகிற சாக்கில் இரண்டு பக்கமும் பண்ணை தின்றிருந்தது.

"வாய்க்காலும் தேஞ்சுதான் கெடக்கு மச்சான். ஆறடி வாளி எழுதுவோம். சின்ன வாளின்னா டிரைவர் ஒரு வரிசை இழுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவான். ஆறடி இறங்கணும்னா கரையை வெட்டித்தான் ஆகணும்."

அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. இந்த ஊரில் ஒருவர் வழக்கத்தைவிட முன்னால் எழுந்தாலே எதற்கு என்று யோசிப்பவர்கள் நாம். சும்மா வந்த குணமில்லை அது. குத்தகையை விட்டுக்கொடுத்ததாக யாரோ எழுதிய தாளில், படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்களின் பிள்ளைகள் நாம். அதனால்தான் சங்கத்தில் அந்தப் பழக்கம் வந்தது. எழுதியவர் படிக்கக் கூடாது. வேறொருவர் எல்லோர் முன்னாலும் சத்தமாக, முழுசாகப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. எழுத நீங்கள், படிக்க நான். நான் எட்டாவது படித்தவன். எட்டாவதில் சில நாள் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மதியம் சங்கக் கொட்டகையில் ஐந்நூறு பேர். குறைத்துச் சொன்னால் ஐம்பது. கம்பீரமாகத்தான் ஆரம்பித்தேன். இயந்திரத்தின் எடை, பின்னின் விட்டம், சுங்க வரி விலையில் அடக்கமா இல்லையா, எத்தனை வாரத்தில் வந்து சேரும், எல்லாம் ஓடியது. வாளியோடு சேர்த்துக் கேட்ட, ஆகாயத்தாமரை வாருகிற இரும்புக் கவைக்கு எண்ணெய்க் குழாய் இணைப்பு பற்றி ஒரு வரி வந்தது. அந்த ஹைட்ராலிக்கில் போய் மாட்டினேன். நான்கு முறை முட்டினேன்.

"வண்டி மணல்ல எறங்கிடுச்சுடா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகையே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தீர்கள். அவர்கள் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நீங்கள் மெதுவாகச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வரியில் வாளியின் அகலம் ஆயிரத்து எண்ணூறு மில்லிமீட்டர் என்று இருந்தது.

"ஆயிரத்து எண்ணூறா? எதை அள்ளப் போறீங்க, கோயில் கொளத்தையா?" என்றாள் காளியம்மாள். கடைமடைக்கும் கடைசி வயல் அவளுடையது.

"ஆறடிதான் அக்கா" என்றீர்கள்.

"வாய்க்கா நாலுதானய்யா?"

நீங்கள் படத்தை விரிப்பதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். "ஆறடி எறங்குனா கரை வெட்டுப்படும். பண்ணை கோர்ட்டுக்குப் போயி ஸ்டே வாங்கும். வேலை நிக்கும். யாருக்கு லாபம், யோசிங்க. போன செவ்வாக்கெழம மன்னார்குடி ரோட்டுல பண்ணை வீட்டு வெள்ளைக் கார்லேந்து மாப்ள எறங்குனதை என் கண்ணால பாத்தேன்."

ஐம்பது பேரும் உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். என் தங்கை வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் என்னைப் பார்த்தாள்.

நீங்கள் மறுக்கவில்லை. மறுத்துப் பேசினால் சாயங்காலம்வரை இழுக்கும், கூட்டம் இரண்டாகும், கடிதம் போகாது என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். "கடுதாசி நாளைக்குப் போயாகணும். கப்பல்ல வர ஏழெட்டு வாரம் ஆகும். என் பேருதான் இடிக்குதுன்னா அடிச்சுடுங்க. மச்சான் கையெழுத்துப் போடட்டும். அகலத்துல மட்டும் கை வைக்காதீங்க. படத்தையும் சேர்த்து அனுப்புங்க. ஸ்டே கேட்டு வந்தா, எந்த அளவை வச்சு வாளி கேட்டோம்னு காட்டிக்கலாம்."

காளியம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "கார்ல வந்தாரோ நடந்து வந்தாரோ. பேரை விட்டுட்டு அகலத்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு மனுசன். ஆறே இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டேன். ஒரு வியாபாரி, நான்கடி வாளி கைவசம் இருக்கிறது, நாளைக்கே அனுப்புகிறேன் என்று போன் செய்தான். யார் தூண்டிவிட்டுப் பேசுகிறான் என்று சந்தேகப்பட்டு வைத்துவிட்டேன். வாளி வந்தது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து நானே இறக்கினேன் என்று சொல்லிக்கொள்வேன். லாரியில்தான் வந்தது. முதல் இழுப்பிலேயே கரை சரிந்தது. பண்ணை ஆட்கள் ஓடி வந்தார்கள். கடிதத்தையும் படத்தையும் காட்டினேன். படித்துவிட்டு வந்த வழியே திரும்பினார்கள். கோர்ட்டுக்கு யாரும் போகவில்லை.

கடைமடையில் தண்ணீர் ஏறிய அன்று எனக்குத் துண்டு போட்டார்கள். நீங்கள் தூரத்தில் உங்கள் வயலில் மடை திறந்துகொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு சங்கத்துப் படியை நீங்கள் மிதிக்கவில்லை. வழியில் பார்த்தால் "வாங்க மச்சான், சாப்ட்டீங்களா" என்பதோடு சரி. காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே போய்ச் சேர்ந்தீர்கள்.

அந்த வாளி இப்போதும் சங்கத்துக்குப் பின்னால் இருக்கிறது. மஞ்சள் பெயின்ட் உரிந்துவிட்டது, அகலம் அப்படியே இருக்கிறது. யாராவது நாடாவை எடுத்து எதையாவது அளந்தால் "தேஞ்ச எடத்துல அளக்காதே" என்று என் வாயில் தானாக வருகிறது. என் சொந்த வாக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் திருத்தியதில்லை.

நாளைக்குச் சங்கக் கூட்டம். எழுதியவன் படிக்கக் கூடாது என்பதால் இந்த மடலை உங்கள் மகள் கையில் கொடுக்கப்போகிறேன். கொட்டகையில் எல்லோர் முன்னாலும், சத்தமாக, முழுசாக அவள் படிக்கட்டும். என் தங்கை அதே வாசல் பக்கம் உட்காரட்டும்.

ஏன் என்று கேட்டாளே, அந்தப் பதில் கடைசி வரியில் இருக்கிறது. நீங்கள் மறுக்காததால், நிஜமாகவே அந்தக் காரில் ஏறியிருப்பீர்களோ என்று சில வருஷம் நானே உங்களைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் வீட்டில் படுத்துக் கிடந்தேன், மாப்பிள்ளை. மன்னார்குடி ரோட்டுக்கே நான் போகவில்லை.