நெற்றியில் விழும்படி முடி வெட்டிக்கொள்ளப் போகும் அக்காவுக்கு

அக்கா,

சாப்பாடு அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது. உன்னோடு பேசுவதில்லை என்ற முடிவில் மாற்றமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

"என் தலை, என் இஷ்டம். நீ உன் தலையப் பாருடா" என்று நேற்றுக் கத்தினாய். பார்த்தேன். நம் இருவருக்கும் முடி ஒரே அடர்த்தி, ஒரே நெளிவு. காலையில் குளித்த ஈரத்தோடு என் முன்முடியைப் புருவம் வரை வெட்டினேன். காய்ந்ததும் பாதி நெற்றிக்கு ஏறி, கடை வாசல் தகரக்கூரை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. தொப்பி போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகிறேன்.

நாளை இன்டர்வியூவுக்கு நீயும் இப்படித்தான் போவாய் என்றால் தாராளமாக வெட்டிக்கொள். கத்தரிக்கோல் என் பையில். சாயங்காலம் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுக் கேள், தருகிறேன்.

பி.கு.: அம்மா பார்த்துவிட்டாள். வெட்டிவிட்டது நீதான் என்று சொல்லியிருக்கிறேன்.