மீனுக்கு ஆன காலம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம் என்று தொடங்கிப் பழகிய கை, இன்று அந்த வரியை எழுத மறுக்கிறது. போனில் பேசலாமென்றால் இருக்கிற ஒரே போன் உன் அம்மா கையிலேயே இருக்கிறது. நாளைக் காலை உன் ஊருக்குக் கல் ஏற்றி வரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

குவாரியில் உன் தம்பிமேல் சரிந்த சுண்ணாம்புப் பாறையை இன்னும் அள்ளி முடிக்கவில்லை. உயிரோடு இருப்பான் என்ற நினைப்பு எனக்குப் போய்விட்டது. அவன் முகத்தைப் பார்த்து, முறையாக அனுப்பிவைத்தால் போதும். அதற்கும் வழியில்லை. பொக்லைன் முன்னால் உன் அம்மா போய் உட்கார்ந்துவிட்டாள். அதை ஓட்டுகிறவன் தம்பியோடு படித்தவன். அழுதுகொண்டே வண்டியை அணைத்துவிட்டான்.

போன விடுமுறையில் நீ வேலை செய்யும் மியூசியத்திலுள்ள, கல்லாய் மாறிய பழங்கால மீனின் படத்தைக் காட்டினாயே, செதில்கூட உதிராமல் இருந்ததே, அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளையும் அப்படியே கல்லாகிவிடுவானாம். இப்போது தோண்டினால் உடைந்துபோவானாம். ஒரு மழை போகட்டும், இறுகிவிடுவான், அப்புறம் முழுசாக எடுக்கலாம் என்கிறாள். அந்த மீனுக்கு எத்தனையோ லட்சம் வருஷம் ஆனது என்றும், கோடியில் ஒன்றுதான் அப்படித் தங்கும், மற்றதெல்லாம் மக்கிப்போகும் என்றும் நீ சொன்னது அவள் காதில் ஏறவேயில்லை. பெற்ற வயிறு தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டது.

மேனேஜர் இருக்கிறானே, எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நினைக்கிற ஆள். தேடுவது நின்றால் நாளைக்கே குவாரியின் மற்றப் பக்கத்தில் வேலையைத் தொடங்கலாம் அவனுக்கு. சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டும் இடத்தில் கிடந்த பழைய துணி கிளவுஸ் ஒன்றைக் கொண்டுவந்தான். வெள்ளையாக, விரல் விரலாக, கல்லாகவே இருந்தது. பாருங்கம்மா, ஒரே வருஷத்தில் எப்படி ஆகிவிட்டது என்றான். அவள் உட்கார நாற்காலி வேறு போட்டுக் கொடுத்தான். அந்த நாற்காலியாலேயே அவனை அடித்திருப்பேன்.

அவள் கண்ணயர்ந்த நேரம், மடியிலிருந்த கிளவுஸை எடுத்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். முட்டை ஓடு மாதிரி மேலே ஒரு பூச்சு, அவ்வளவுதான். உள்ளே கறுத்து நைந்த துணி. நாற்றம் தாங்கவில்லை. இதைக் காட்டி அவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. தூரத்தில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டேன். எழுந்ததிலிருந்து அதைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

மேகம் கூடிவிட்டது. மழை பிடித்தால் பள்ளம் குளமாகிவிடும். அப்புறம் எந்த வண்டியும் இறங்காது. நான் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு. கல்லைப் பற்றி நீ சொன்னால்தான் கேட்பாள். இதைப் படித்ததும் அவளுக்கு போன் செய், கண்ணு. தம்பி கல்லாக மாட்டான், எழுந்து வழிவிடு என்று சொல். கல்லாகாமல் பின்னே என்ன ஆவான் என்று கேட்பாள். நான் கிளவுஸுக்குள் பார்த்ததை மட்டும் சொல்லிவிடாதே.

பேசிவிட்டுக் கிளம்பி வரும்போது மண்சரிவு இருக்கிற பாதையில் வராதே. சுற்றி வந்தாலும் பரவாயில்லை. நீயாவது முழுசாக வந்து சேர்.

ஆசியுடன்,
உன் அப்பா