அன்ரன் வாசலில் நின்ற கிழமை

மார்ச் 28, சனி

காலையிலிருந்து ஈரப்பனி. விழுந்ததும் தண்ணீர். குளிர்காலச் சப்பாத்துகளைக் கழுவி உள்ளே வைத்தது பிழை, திரும்ப எடுத்தாச்சு.

பின்னேரம் கோயில் கூட்டம், கீழ் மண்டபத்தில். பங்குச் சுவாமி அந்த மெசேஜை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். கோயில் தொலைபேசியில் போன கிழமை விழுந்தது. ஆண் குரல், பிரெஞ்சு. உயிர்த்த ஞாயிறுக்கு நிறையப் பேர் வருவீர்களாம், தாங்களும் வருவார்களாம். கத்தவில்லை, ஏசவில்லை. கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டோம். அதற்கு முந்திய கிழமைதான் முன்வாசல் மாதா கூட்டின் கண்ணாடியை யாரோ உடைத்தது. பொலிஸ் வந்து படம் எடுத்துக்கொண்டு போனது. இடைக்கிடை அந்தப் பக்கம் வண்டியில் சுற்றிப் பார்ப்பார்களாம்.

செபமாலை அண்ணை, பங்குச் சபைத் தலைவர், எழும்பிக் கதைத்தார். "எங்கடை வாசலை நாங்கள்தான் பாக்கவேணும். ஒவ்வொரு கதவுக்கும் ரெண்டு தொண்டர்."

பின்னால் ஒரு குரல்: "நிண்டு என்ன செய்யிறது? வாறவனைக் கும்பிடுறதோ?"

கொஞ்சப் பேர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

முதல் கை தூக்கினது என் தம்பி அன்ரன்! கூட்டத்துக்கு வந்ததே எனக்குத் தெரியாது. பின்கதவோடு நின்றிருக்கிறான். மனைவி றீற்றா செத்த பிறகு கோயில் படி மிதிக்காதவன். தாயைப் பார்க்கக் கொழும்புக்குப் போன இடத்தில், அந்த உயிர்த்த ஞாயிறுக் குண்டில், பூசையில் இருந்தபடியே போனவள். வருகிற மாதம் ஏழு வருஷம். இவன் வேலை விடுமுறை கிடைக்காமல் இங்கே நின்றுவிட்டான்.

வந்தானே என்று சந்தோஷம். வீட்டுக்கு வந்து கணவர் யூட்டிடம் சொன்னேன். அவர் கிரிக்கெட் பார்த்தபடி, "நல்லது" என்றார்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

கோயில் நிரம்பி வழிந்தது. உள்ளே ஹீற்றர் தாங்க முடியாத சூடு. ஓலை முறிந்து பிள்ளைகள் அடிபிடி.

அன்ரன் பக்கக் கதவில். தடித்த ஜாக்கெட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தான். நெற்றி வேர்வை. தொண்டருக்கான செம்மஞ்சள் மேற்சட்டையைப் போட்டுவிடப் போனேன்.

"விடக்கா, நான் போடுறன்."

அதற்குள் என் கை அவன் இடுப்பில் பட்டுவிட்டது. இரும்பு மாதிரி.

"என்னடா இது?"

"போன்."

போன் அவன் கையில் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். குருத்தோலைப் பவனி உள்ளே வந்தது, நான் விலக வேண்டியிருந்தது.

அவன் துவக்குச் சுடுகிற கிளப்புக்குப் போகிறவன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். லைசன்ஸ் எடுத்து, பிஸ்ரல் வாங்கி, கனகாலம். மனதுக்கு ஆறுதல் என்பான், நாங்களும் விட்டுவிட்டோம். ஆனால் அது வீட்டுப் பெட்டியில் பூட்டியிருக்க வேண்டிய சாமான். கிளப்புக்குப் போகும்போது மட்டும், அதுவும் பூட்டி, குண்டில்லாமல். அவனே சொன்னதுதான்.

பூசை முழுக்க அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன வாசகம், என்ன பிரசங்கம், ஒன்றும் தெரியாது.

மார்ச் 31, செவ்வாய்

நான் வேலை செய்கிற பிள்ளைக் காப்பகம், கார்டெரியில், மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல். தாய்மார் வரும்வரை தூக்கிக்கொண்டு திரிந்தது, முதுகு விட்டுப்போனது.

வேலை முடிய நேரே அன்ரனின் அப்பார்ட்மென்டுக்கு. நோத்ர-டாம்-த-கிரேஸில் அந்தப் பழைய கட்டடம், லிஃப்ட் இன்னும் திருத்தவில்லை. அவன் டவுன்டவுன் ரெஸ்ரோரன்ட் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான். சமையல்காரச் சட்டை ஒரு கையில், ரொட்டி மறு கையில்.

இருக்கவில்லை, நின்றபடியே கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"ஓம் அக்கா. கொண்டு வந்தனான்."

"குண்டோடையோ?"

"குண்டில்லாமல் என்னத்துக்கு?"

"பிடிச்சா மறியலிலை போட்டிடுவாங்கள், தெரியுமோ? இந்த நாட்டிலை பொலிசைத் தவிர ஆரும் இடுப்பிலை செருகிக்கொண்டு திரிய ஏலாது."

"பொலிஸ் வாறதுக்குள்ளை எல்லாம் முடிஞ்சிடும். கொழும்பிலையும் முதலே அறிவிச்சிருந்தவையாம். ஆர் பாத்தது? வாசலிலை ஒருத்தன் நிண்டிருந்தா..."

ரொட்டியை மேசையில் வைத்தான்.

றீற்றாவின் படம் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. அதைப் பார்க்காமல் கதைத்தேன். கோயிலுக்குள் சின்னப்பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள், ஒரு கதவு அடித்துச் சாத்தினாலே எல்லோரும் துள்ளுகிற நேரம், பிழையான ஆளைச் சுட்டால் பிறகு என்ன செய்வாய். "நான் குறி தவறமாட்டன்" என்றான். நான் கேட்டது அதையல்ல.

கடைசியில், "சரி, கொண்டு வரேல்லை. போ." மெட்றோவரை கூட வந்தான். பையை வாங்கித் தூக்கிக்கொண்டான். நல்ல பிள்ளை. எப்போதும் நல்ல பிள்ளை.

ஏப்ரல் 1, புதன்

நித்திரை சரியில்லை. யூட்டிடம் சொன்னேன். எழும்பி அறைக் கதவைச் சாத்தினார்.

"ஆரிட்டையும் வாய் திறவாதையும். அவன்ரை வாழ்க்கை போயிடும்."

"ஆரும் செத்தா?"

"கொண்டு வரமாட்டன் எண்டவன்தானே."

மத்தியானம் செபமாலை அண்ணைக்குப் போன் எடுத்தேன். தொண்டர்களைப் பார்ப்பவர் அவர்தானே. அன்ரனை வாசலில் விடவேண்டாம், கோப்பி ஊற்றவோ கதிரை அடுக்கவோ விடுங்கோ என்று மட்டும் சொல்ல நினைத்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"எனக்குத் தெரியும் பிள்ளை. அன்ரன் எல்லாம் சொன்னவன்."

"தெரிஞ்சோ விட்டனீங்கள்?"

"நூற்றுக்கணக்கான சனம். ஒருத்தரிட்டையாவது இருக்கட்டும். சுவாமிக்குச் சொல்லாதையும், அவர் பயந்த ஆள்."

கார்டெரிக் குழந்தை ஒன்று என் காற்சட்டையை இழுத்து "மதாம், மதாம்" என்றது. போனை வைத்துவிட்டேன்.

சுவாமிக்குச் சொல்லலாம். பொலிசுக்குச் சொல்லலாம். இரண்டும் ஒன்றுதான். சுவாமி பொலிசுக்குத்தான் போவார்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

பூசைக்கு முன் பக்கக் கதவுக்குப் போனேன். அன்ரன் நின்றான்.

"ஜாக்கெட்டைத் திற."

"அக்கா, சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

திறந்தான். ஒன்றும் இல்லை. சேர்ட்டைத் தூக்கியும் காட்டினான், கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கம். "சாப்பிட்டனியோ?" என்று கேட்டேன்.

சுவாமி பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவினார். எல்லாம் அமைதி. இத்தனை நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் மனம் விட்டு மன்றாடினேன்.

வெளியே வரும்போது எதிர்ப்பக்கம் ஒரு கறுப்புக் கார், லைட் அணைத்து, எஞ்சின் ஓடியபடி. ஆர் என்று தெரியாது. செபமாலை அண்ணையும் அன்ரனும் அதைப் பார்த்தபடி படியில் நின்று கதைத்தார்கள். நான் கிட்டப் போகக் கதையை நிறுத்திவிட்டார்கள். கார் போய்விட்டது.

நாளைக்கு: கஞ்சிக்குப் பயறு ஊறப்போட. தேங்காய்ப்பால் ரின். யூட்டின் கறுப்புச் சேர்ட் அயர்ன்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

எழுதவேண்டும். எழுதாவிட்டால் இன்றைக்கு நடந்ததை நாளைக்கு வேறு மாதிரி நினைப்பேன்.

பின்னேர வழிபாடு. சிலுவையை முத்தமிட வரிசை, பிள்ளைகள் முன்னால். கீழே குசினியில் கஞ்சி அடுப்பில், அதை இறக்காமலே பெண்கள் மேலே வந்துவிட்டார்கள். இறக்கினதாக நினைத்தார்களாம். நான் ஐந்தாவது வரிசை வாங்கில் இருந்தேன்.

பக்கக் கதவு படாரென்று திறந்தது. ஒரு வெள்ளைக்கார ஆள். வயதானவர், நீளக் கறுப்புக் கோட்டு, முதுகில் பை, முகம் சிவந்து, கையை வீசிக் கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். என்ன கத்துகிறார் என்று முதல் விளங்கவில்லை. கோயில் முழுக்க ஒரு மூச்சு இழுத்தது.

கதவடியிலிருந்து கத்திக்கொண்டு வந்து, திரும்பின அவருக்கு முன்னால் அன்ரன். கையில் பிஸ்ரல்.

ஆள் நின்றுவிட்டார். இரண்டு கையும் மேலே. ஆனால் வாய் நிற்கவில்லை. "ஃபூ! ஃபூ! அன் பா!" அப்போதுதான் எனக்கு விளங்கியது. நெருப்பு, கீழே நெருப்பு என்கிறார். குசினியில் வேலை செய்கிற அன்ரனுக்கு அந்தச் சொல் என்னைவிட நல்லாய்த் தெரியும். அவனுக்கு அந்த நேரம் காது இல்லை.

அந்த ஆளுக்கு நேர் பின்னால் பிள்ளைகளின் வரிசை.

நான் எப்படி வாங்கைத் தாண்டினேன் என்று தெரியாது. அவர்களுக்கு நடுவில் போக எனக்குத் துணிவு வரவில்லை, அதுதான் உண்மை. பக்கத்தில் நின்று கத்தினேன்: "அன்ரன்! நெருப்பெண்டு சொல்றார்! எங்களுக்குச் சொல்ல வந்தவரடா! துவக்கைக் கீழ விடு!"

என்னைப் பார்த்தான். யாரோ மாதிரிப் பார்த்தான். பிறகு கை இறங்கியது.

அதற்குப் பிறகுதான் சனம் ஓடியது. நெருப்புக்கு அல்ல, துவக்குக்கு. எல்லோரும் முன்கதவுக்கு. செசிலியா அன்ரி படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பிள்ளைகளின் அழுகை. அதற்குள் புகை மணம் மேலே வந்துவிட்டது.

தீயணைப்புக்காரர் வந்து அணைத்தார்கள். பானை அடிப்பிடித்து, பக்கத்தில் கை துடைக்கிற துவாய் பற்றி, அலுமாரி வரை போயிருந்தது. சமைக்கும்போதெல்லாம் கத்துகிறதென்று குசினி அலாரத்தை யாரோ கழற்றியிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று ஒரு தீயணைப்புக்காரர் சொல்லித் தலையாட்டினார்.

அந்த ஆள் கோயிலை ஒட்டின சின்ன ஒழுங்கைக்கு அந்தப்பக்க வீட்டுக்காரர். மிசியே ஜில். நடக்க வெளிக்கிட்டவர், நிலவறை யன்னலில் புகையைக் கண்டு ஓடி வந்திருக்கிறார். நடைபாதை விளிம்பில் குந்தியிருந்தார். யாரோ போர்வை போட்டிருந்தார்கள்.

அன்ரனைக் காணவில்லை. வீட்டுக்குப் போயிருக்கவேண்டும்.

செபமாலை அண்ணை ஆள் ஆளாகப் போய் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "ஒருத்தரும் ஒண்டும் காணேல்லை. அந்தாள் பயத்திலை உளறுது."

பொலிஸ்காரப் பெண் என்னிடம் வந்தாள். என் மகளின் வயதிருக்கும். துவக்கு வைத்திருந்தது யார் என்று தெரியுமா. யூட் என் முழங்கையைப் பிடித்தார். அழுத்திப் பிடித்தார்.

மிசியே ஜில் அங்கிருந்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரைப் பொய்யன் ஆக்குவோமா என்று.

"என்னுடைய தம்பி" என்றேன். பெயரும் விலாசமும் கொடுத்தேன். கதவைத் தட்டும்போது நானும் நிற்கவேண்டும், அவன் ஒன்றும் செய்யமாட்டான், நான் கூப்பிட்டால் வருவான் என்றேன்.

அன்ரனின் கட்டடத்துக்கு வெளியே, பொலிஸ் காரில் வைத்துப் போன் எடுக்கச் சொன்னார்கள். "தம்பி, நான்தான். கீழ நிக்கிறன். பொலிசும் நிக்குது. கையை வெளியில வைச்சுக்கொண்டு இறங்கி வா."

"ஓம் அக்கா" என்றான். வந்தான். லிஃப்ட் வேலை செய்யாதபடியால் வர நேரம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 4, சனி

வெயில். பனியெல்லாம் கரைந்து தெரு முழுக்கத் தண்ணீர்.

போன் மேல் போன். சிலர் பாவம் என்றார்கள். ஒருத்தி: "சொந்தத் தம்பியைக் காட்டிக் குடுக்க எப்பிடி மனம் வந்தது?" செசிலியா அன்ரியின் மகன் மட்டும் "நன்றி அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

செபமாலை அண்ணையும் எடுத்தார். "பங்கின்ரை பேர் கெட்டுப்போச்சு பிள்ளை."

"வெள்ளிக்கிழமை கொண்டு வரச் சொன்னது ஆர் அண்ணை?"

போனை வைத்துவிட்டார். கறுப்புக் காரைக் கண்டதும் இவர்தான் சொல்லியிருக்கிறார். அன்ரன் சொன்னதென்று அவனுடைய வழக்கறிஞர் எனக்குச் சொன்னார். அந்தக் கார் யாருடையது? மகளைப் பூசையிலிருந்து கூட்டிப்போக வந்த தகப்பனாம். இன்றைக்குத்தான் தெரியவந்தது.

மெசேஜ் விட்டவன் யார் என்று இன்னும் தெரியாது. அந்தப் பயம் அப்படியேதான் இருக்கிறது.

யூட் இரண்டு நேரமும் சாப்பிட்டார், கதைக்கவில்லை.

ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு

பூசைக்குப் போனேன். தனியே. இரண்டு வாசலிலும் பொலிஸ் வண்டி. என் வாங்கில் ஒருவரும் இருக்கவில்லை. சமாதானம் சொல்லும் நேரம் சுவாமி பீடத்திலிருந்து இறங்கி வந்து கை தந்தார். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் வரவில்லை.

மத்தியானம் அன்ரனைப் பிணையில் விட்டார்கள். நிபந்தனைகள்: எங்கள் வீட்டில் இருக்கவேண்டும். துவக்கு எல்லாம் பறிமுதல். கோயில் பக்கம் போகக்கூடாது. மிசியே ஜில்லுடன் எந்த விதத்திலும் தொடர்பு கூடாது, ஆள்மூலமாகக்கூட. வழக்குப் பிறகு.

யூட் காரை ஓட்டினார். அன்ரன் பின்சீற்றில். பாதி வழியில் யூட் கண்ணாடியில் பார்த்து, "பசிக்குதோ மச்சான்?" என்றார். அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது.

மகளின் அறையில் படுக்கை போட்டுக் கொடுத்தேன். என்னுடன் கோபமா என்று கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்: "நீ கத்தாட்டி சுட்டிருப்பன் அக்கா. விரல் அதிலைதான் இருந்தது."

ஏப்ரல் 6, திங்கள்

கார்டெரி பூட்டு. காற்று.

மிசியே ஜில்லிடம் போனேன். அன்ரனின் சொல்லாக ஒன்றும் கொண்டு போகவில்லை, வழக்கறிஞர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எனக்காக, எங்கள் பிள்ளைகளுக்காக நன்றி சொல்ல. ஒரு கேக் செய்து எடுத்துப் போனேன்.

மணி அடித்தேன். திரை அசைந்தது. காலடி வந்து கதவுக்குப் பின்னால் நின்றது. நான் யார் என்று பிரெஞ்சில் சொன்னேன், மெர்சி என்றேன், மன்னிக்கவேண்டும் என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்: அவன் வெளியில் வந்துவிட்டானா?

வந்துவிட்டான் என்றேன்.

பிறகு கதவுச் சங்கிலி போடுகிற சத்தம்.

கேக்கை வாசலில் வைக்கலாமா என்று யோசித்து, வைக்காமல் கொண்டு வந்துவிட்டேன்.

அன்ரன் குசினி மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் கையில் கேக்கைக் கண்டான். எங்கே போனேன் என்று சொல்லாமலே தெரிந்துவிட்டது.

"ஏன், அந்தாள் வீட்டிலை இல்லையோ?"

"இருந்தவர். கதவு திறக்கேல்லை. பயந்துபோய் இருக்கிறார்."

"ஆருக்கு? அந்த மெசேஜ் விட்டவனுக்கோ?"

"இல்லையடா. உனக்கு."

கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தான்.