புள்ளி வைத்த நரி

வைகாசி 3, திங்கள்

பனி. எதிர் லயத்து வீடுகள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஜப்பான்காரன் கடிகாரத்தை அவன் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்ததிலிருந்து காலைப் பெரட்டுக்குக் கும்மிருட்டில் வரிசை கட்டுகிறோம். பேர் கூப்பிடும்போது பக்கத்தில் நிற்பது யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம்.

இன்று ஜப்பான் துரையே வந்து நின்றார். வெள்ளைக்கார துரை ஓடிப்போன பிறகு வந்தவர், குள்ளம், அதிகம் பேசமாட்டார். ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியிடம் மலாய் பாஷையில் ஏதோ சொன்னார். கிராணி எங்களைப் பார்த்து, "படம் வரையத் தெரிஞ்ச ஆள் யாருலா? தேயிலைப் பெட்டி மேல படம் போடணும். வரையறவனுக்கு பேக்டரியிலயே வேலை."

பேக்டரியிலேயே வேலை என்றால் சயாமுக்கு ரயில் ரோடு போடப் போக வேண்டாம். பங்குனியில் லோரியில் ஏறிப் போனவர்களிடமிருந்து இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

என் வீட்டுக்காரர் கை தூக்கிவிட்டார்.

இவருக்கு வரையத் தெரியாது. தெரியாது என்றால் சுத்தமாகத் தெரியாது. சுவரில் காவிப்பட்டை அடிக்கச் சொன்னால் பாம்பு போன தடம் மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "தூக்காம இருந்தா அடுத்த லோரில நான்தான். நீ கோலம் போடுறவதானே, சொல்லிக் குடு" என்றார். கோலம் எங்கே, படம் எங்கே.

என்ன படம் என்று கேட்டேன். நரி என்றார்.

வைகாசி 4, செவ்வாய்

தூறல். கொழுந்து எடுத்தது அரை நாள், மரவள்ளி பிடுங்கியது அரை நாள். உப்பு தீர்ந்துவிட்டது.

சாயந்திரம் சிமெண்டுத் தரையில் அடுப்புக்கரியால் வரைந்தவை: நாய் 2, பன்றி 1, கால் முளைத்த பூசணிக்காய் 1. நரி இல்லை.

பக்கத்து வீட்டு பாக்கியம் (இனி பா., பென்சில் தேய்கிறது) எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது கங்காணி வீட்டு நாய்லா. அதே காது" என்றாள். கோபம் வந்தது, பிறகு பார்த்தால் அதே காதுதான்.

கஷ்டம் என்னவென்றால் நான் நரியைப் பார்த்ததே இல்லை. பிறந்தது இங்கே மலாயாவிலேயே, ரிங்லெட் பக்கம். இவர் பிறந்தது மலைக்குக் கீழே தாப்பாவில். புலி நடந்த தடம்கூடப் பார்த்திருக்கிறோம், நரிக்கு எங்கே போவது. பா. வீட்டுக்காரர் செல்லையா சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவர், சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். நாளைக்கு அனுப்புகிறேன் என்றாள்.

வைகாசி 5, புதன்

வெயில். போர்வை காயப்போட்டேன்.

செல்லையா வந்தார். "நரி நிமிந்து நடக்காதுக்கா. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு, திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு, ஓரமாவே போவும்." சொன்னதோடு நிற்கவில்லை, குனிந்து சுவரோரமாக நடந்தும் காட்டினார். பா. சிரித்துப் புரையேறி இருமினாள். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

அவர் நடந்ததைப் பார்த்தே வரைந்தேன். குனிந்த தலை, மெலிந்த வயிறு, தொங்கும் வால், களவாணிப் பார்வை. நன்றாகவே வந்தது. பெட்டிப் பலகைத் துண்டில் நானே போட்டுக் கொடுத்தேன், இவர் தான் போட்டதாகச் சொல்லிக் காட்டுவார். "நாளைக்கு நரி முகத்துல முழிச்சிட்டுப் போங்க, நல்லது நடக்கும்" என்று பலகையைத் தலைமாட்டில் வைத்தேன்.

வைகாசி 6, வியாழன்

நல்லது நடக்கவில்லை.

துரை பலகையைப் பார்த்தாராம். கைக்குட்டையால் முழுவதையும் துடைத்துவிட்டாராம். அடிக்கவில்லை, அந்த மட்டும் புண்ணியம். நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, சிலை மாதிரி உட்கார்ந்து காட்டினாராம். பேக்டரியே மூச்சு விடாமல் பார்த்ததாம். பிறகுதான் கிராணி விளக்கினார். அவர்கள் ஊரில் நரி என்றால் வயலைக் காக்கிற சாமியோட ஆள், கோயில் வாசலில் உட்கார்ந்திருக்குமாம்.

நாங்கள் திருட்டு நரியை அனுப்பியிருக்கிறோம். பிள்ளையார் காலடி எலியைக் கேட்டவருக்குச் சாக்கடை எலியை வரைந்து கொடுத்த கதை.

சனிக்கிழமை துரைக்கு முன்னால், இவர் கையால் வரைய வேண்டும். வராவிட்டால் லோரி. கிராணி மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார்.

வைகாசி 7, வெள்ளி

பயமாக இருக்கிறது. எழுதி வைத்தால் குறையுமா என்று பார்க்கிறேன். குறையவில்லை. இவர் இல்லாமல் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன்.

மத்தியானம் குழாயடியில் நிற்கும்போது ஒன்று தோன்றியது. நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பார்க்கிற நரி என்றால் இடதும் வலதும் ஒன்று. இடதும் வலதும் ஒன்று என்றால் கோலம்தானே. கோலம் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, சாப்பிடவே அரிசி இல்லை, மாவுக்கு எங்கே போவது. கை மறக்கவில்லை.

கரியால் புள்ளி வைத்தேன். மேலே இரண்டு புள்ளி காதுக்கு. நடுவில் ஒன்று மூக்குக்கு. தோளுக்கு இரண்டு, பாதத்துக்கு இரண்டு. வால் மட்டும் ஒரு பக்கமாகச் சுற்றி மேலே போகிறது, அதற்குத் தனியாக மூன்று. சேர்த்ததும் தரையில் ஒன்று உட்கார்ந்து என்னைப் பார்த்தது. நாய் இல்லை. பன்றி இல்லை.

இவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். "ஒரு புள்ளியிலேர்ந்து அடுத்த புள்ளி. அவ்வளவுதான். நடுவுல வேடிக்கை பாக்காதீங்க." முதல் தடவை காது கொம்பாயிற்று. எனக்குச் சிரிப்பு, இவருக்கு அழுகை வராத குறை. தரையைத் துடைத்துத் துடைத்து என் சேலை முந்தானை கறுத்துவிட்டது. விளக்கில் எண்ணெய் தீர்கிற வரைக்கும் போட்டார். கடைசியில் நரி மாதிரி ஒன்று வந்தது.

வைகாசி 8, சனி

மழை. கொழுந்து எடுக்கும்போது கை எங்கே போகிறது என்றே தெரியவில்லை. கூடையில் முற்றிய இலை கிடந்ததற்குக் கங்காணி திட்டினார்.

சாயந்திரம் இவர் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. புள்ளி வைக்கும்போது துரை, இது என்ன என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினாராம். கோடு சேரச் சேரக் கிட்டே வந்து குனிந்து பார்த்தாராம். முடிந்ததும் ஒரு தலையாட்டல். திங்கள் முதல் பெட்டி வேலை.

அழுதேன். செல்லையாவும் பா.வும் வந்து இருந்துவிட்டுப் போனார்கள். சர்க்கரை இல்லாத தேத்தண்ணி. "அண்ணே, நம்ம ஊரு நரிய சாமியாக்கிட்டீங்களே" என்றார் செல்லையா.

வைகாசி 10, திங்கள்

பெரட்டில் சயாமுக்குப் பேர் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை லோரி.

செல்லையா பேர்.

இவர் கிராணியிடம் போய்க் கேட்டார். எஸ்டேட் இத்தனை ஆள் கொடுக்க வேண்டும் என்று கணக்கு, ஒருவர் குறைந்தால் அடுத்தவர் என்றார் கிராணி. இவர் இரவு சாப்பிடவில்லை.

வைகாசி 11, செவ்வாய்

குழாயடியில் பா. என்னைப் பார்க்காமல் குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள். கூப்பிட்டு என்ன சொல்வது.

வைகாசி 12, புதன்

பனி, நாள் முழுக்க.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பா. வந்தாள். கையில் அடுப்புக்கரி. பின்னால் செல்லையா, வாசலிலேயே நின்றார்.

"அக்கா, அந்த நரிய இவருக்கும் சொல்லிக் குடுங்க. காலைல லோரி வர்றதுக்கு முன்ன துரைகிட்ட காட்டுறேன்னு கிராணி ஒத்துக்கிட்டாரு."

"ரெண்டு பேரும் வரையலாமா?"

அவள் தரையைப் பார்த்தாள். "துரைக்கு ஒரு ஆளு போதுமாம். நல்லா வரையறவன் இருப்பான், மத்தவன் லோரில ஏறுவான்னாரு. மறைக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்க்கா."

இவரைப் பார்த்தேன். அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பேன். தரையைத் துடைத்துப் புள்ளி வைத்தேன், ஒன்றுகூடக் குறைக்காமல்.

செல்லையா கரியைப் பிடித்தார். முதல் தடவையே காது காதாக வந்தது. கோடு நடுங்காமல் போகிறது, இவர் கோட்டைவிட நேராக. எனக்குத் தெரிந்தது. பா.வுக்கும் தெரிந்தது, அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

இவர் எழுந்து வந்து செல்லையா பக்கத்தில் குந்தினார். விளக்கை அவர் கைக்குக் கிட்டே நகர்த்தி வைத்தார்.

"நல்லா வருது செல்லையா. அடுத்த புள்ளிக்குப் போ."