கீபோர்டு அவன் பக்கம்

ஜூலை 8

கல்லூரியில் புரோகிராம் எழுதும் லேபில் இரண்டு பேருக்கு ஒரு கணினி. எனக்கு வாய்த்த கூட்டாளியை வகுப்பே புயல் என்று கூப்பிடும். விரல்கள் அவ்வளவு வேகம். உட்கார்ந்ததுமே கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "நீ கணக்கு சொல்லு, நான் அடிக்கிறேன். சீக்கிரம் முடிச்சிட்டுக் கிளம்பலாம்." தலையாட்டினேன். சமன்பாடுகள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடிப்பது யாராயிருந்தால் என்ன?

ஜூலை 22

இன்றும் நாங்கள்தான் முதலில் முடித்தோம். வரைபடம் திரையில் வந்ததும் லேப் மேடம் அவனைப் பார்த்து "வெரி குட்" என்றார். கணக்கு முழுக்க என்னுடையது. நான் என்ன, பக்கத்தில் போட்ட நாற்காலியா?

ஆகஸ்ட் 3

"நானும் கொஞ்சம் அடிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"நீ ஒவ்வொரு எழுத்தா தேடுறதுக்குள்ள லேபையே பூட்டிடுவாங்க."

பின்வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். நான் எதுக்குச் சிரிச்சேன்?

ஆகஸ்ட் 19

அடுத்த மாதம் இந்த லேபுக்குச் செய்முறைத் தேர்வு. அதில் தேறுபவர்களுக்கு மட்டும்தான் விடுமுறையில் டிசைன் ஆபீஸில் பயிற்சியாம். பாலங்கள் வரைகிற இடம். இந்தப் படிப்பில் சேர்ந்ததே அதற்காகத்தான். தேர்வில் ஆளுக்கொரு கணினி. பக்கத்தில் புயல் இருக்கமாட்டான்.

அண்ணனிடம் லேப்டாப் கேட்டேன். "கேம் பாதியில இருக்கு, அப்புறம் தரேன்." அவனுடைய 'அப்புறம்' எப்போது வரும் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

செப்டம்பர் 2

தேர்வு நாசமாப் போச்சு.

சரிவான கூரை, முப்பது டிகிரி. சுமையில் பாதி சரிவோடு கீழே இறங்கும் — தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சைன் முப்பது என்று அடித்தேன். அரை வரவேண்டிய இடத்தில் மைனஸ் பூஜ்யம் புள்ளி ஒன்பது எட்டு எட்டு. சுமை தானாகக் கூரைமேல் ஏறிப் போகிறதாம்! திரும்பத் திரும்ப அடித்தேன். அதே பதில். கடைசியில் சரியான விடையைத் தாளில் போட்டு நீட்டினேன்.

"தாள் எதுக்கும்மா எனக்கு? புரோகிராம் எங்க?" என்றார் மேடம்.

வெளியே வந்து புயலைக் கேட்டேன். "அது கோணத்தை டிகிரியில எடுக்காதே, ரேடியன்லதான் எடுக்கும். பை போட்டுப் பெருக்கி நூத்தியெண்பதால வகுக்கணும். நான் ஒவ்வொரு தடவையும் அடிப்பேனே, நீ பாக்கவே இல்லையா?"

இல்லடா, பாக்கல. உனக்கு அடுத்த கணக்கைப் போட்டுக் குடுக்கக் குனிஞ்சிருந்தேன்.

செப்டம்பர் 10

நான் ஃபெயில். புயல் பயிற்சிக்குப் போகிறான்.

அம்மா கேட்டாள்: "அவன் பக்கத்துலதானே நீயும் உக்காந்திருந்த? அவனுக்கு வந்தது உனக்கு ஏன் வரல?" தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். வயிறு எரிகிறது.

அக்டோபர் 15

நூலகத்தின் மூலைக் கணினியே கதி. ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் சிவப்பு எழுத்தில் திட்டுகிறது. வரி முடிவில் அரைப்புள்ளி மறந்தால் எண்களைத் திரை முழுக்கக் கொட்டுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்கிறேன். இன்று முதல்முறையாக ஒரு வரைபடம் முழுசாக வந்தது. திரும்பிப் பார்த்தேன். பாராட்ட ஒரு ஈ காக்கைகூட இல்லை.

நவம்பர் 27

டிசைன் ஆபீஸிலிருந்து புயல் போன் செய்தான். "வந்த விடை சரியா தப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீதான் பாத்தவுடனே சொல்லுவியே."

"அடிச்சுப் பாரு, வரும்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ரொம்ப நன்றாக இருந்தது. சாப்பிட உட்காரும்வரை நன்றாக இருந்தது.

ஜனவரி 20

மறுபடியும் அதே லேப், ஜூனியர்களோடு. கூட்டாளியாக ஒரு சின்னப் பெண். அதிகம் பேசமாட்டாள். ஆனால் கணக்கில் கெட்டிக்காரி.

பிப்ரவரி 3

நாங்கள்தான் முதலில் முடித்தோம். மேடம் என்னிடம், "பரவாயில்லையே, இந்தத் தடவை பிடிச்சிட்ட!" என்றார். எத்தனை மாதமாக இதற்குக் காத்திருந்தேன். காதில் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அதற்கு முன்னால் அந்தப் பெண் ஏதோ கேட்டாள். "அக்கா, நான் கொஞ்சம் அடிக்கட்டுமா?" பக்கத்து மேசைக்காரர்கள் முடிக்கப் போகிற நேரம்.

"நீ கணக்கு சொல்லு, நான் அடிக்கிறேன்," என்றேன்.

தலையாட்டிவிட்டு, குனிந்து அடுத்த கணக்கைப் போட ஆரம்பித்தாள். இன்றும் முப்பது டிகிரிக் கூரைதான். பை போட்டுப் பெருக்கி வகுத்தேனே, அதை அவள் பார்த்தாளா? தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.