காலியும் சரக்கே

கிட்டங்கி 3. சோதனை நாள் 168. காலை 07.10

நிலவுப் பண்ட மொத்த வணிகர் சங்கம், எந்த மென்பொருளை வாங்குவது என்று முடிவு செய்ய இரண்டு மனிதர்களைச் செலவழிக்கிறது. அதில் நான் ஒருவன். பெயர் இசக்கிராஜ். இந்தக் கிட்டங்கியில் சரக்கு இறக்குவது, அடுக்குவது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் நான்தான். ஒப்பந்தக் கூலி.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஏற்பாடு புரிய வேண்டும். சங்கத்துக்கு இங்கே நிலவில் ஆறு கிட்டங்கிகள், அதாவது சரக்குக் கிடங்குகள். சுரங்க முகாம்களுக்குச் சாப்பாடு, வடிகட்டி, ஆக்ஸிஜன் சிலிண்டர் எல்லாம் இங்கிருந்து போகும். ஆறுக்கும் ஒரே சரக்கு மென்பொருள் வாங்கத் திட்டம். கடைசிச் சுற்றில் இரண்டு நின்றன. என்னிடம் ஸ்டாக்மித்ரா ஓடுகிறது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நான்காம் கிட்டங்கியில் துலா ஓடுகிறது. அங்கே ஜெசிந்தா அக்கா தனியாக இருக்கிறாள். நூற்றெண்பது நாள் சோதனை. ஆர்டர் போடுவது, வண்டி அனுப்புவது எல்லாம் மென்பொருளே செய்யும். ஆள் கை வைத்தால் சோதனை செல்லாது.

அழுத்தம் சரி. வெப்பம் சரி. கடைசி முகாமும் நேற்றுக் கிளம்பிவிட்டது. நிலவின் இரண்டு வார இருட்டு முடியும்வரை யாரும் வரமாட்டார்கள். சிலிண்டர் இருப்பு 412.

நாள் 169. 11.40

என் அறைக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் மாற்றப் போனேன். முதலில் எடுத்தது காலி. அடுத்ததும் காலி. அந்த வரிசை முழுக்கக் காலி.

முகாம்கள் நிறைந்த சிலிண்டரை எடுத்துப்போய்க் காலியைத் திருப்பித் தரும். எந்த மொத்த வியாபாரத்திலும் உள்ள வழக்கம். சோடா பாட்டில்கூட அப்படித்தான். கடைக்காரன் காலியைத் தனியாக அடுக்குவான். ஸ்டாக்மித்ராவில் காலிக்கு வேறு குறியீடு இல்லை. திரும்பி வந்த காலியை வரவு என்று ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. காலியைப் பிரிக்கும் வசதிக்குத் தனி உரிமம் வேண்டுமாம். சங்கம் அதை வாங்கவில்லை.

எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். நிறைந்தவை மூன்று. ஒன்று எனக்கு ஒன்றரை நாள் வரும்.

இருப்பு நாற்பதுக்குக் கீழே போனால்தான் ஆர்டர் போகும். ஆர்டர் போனாலும் நிலவுத் துறைமுகத்திலிருந்து வண்டி வர நாலு நாள்.

நாள் 169. 16.05

சங்கத்தின் தலைமையகம் இருக்கும் தூத்துக்குடிக்குப் பேசினேன். மென்பொருள் தேர்வுக் குழுவின் செயலாளர் அருணாசலபெருமாள் லைனில் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். அதுதான் எரிச்சல்.

"தம்பி, எனக்கு இங்க ஸ்கிரீன்ல நானூத்திப் பன்னெண்டு காட்டுது. நீ மூணுங்க. நான் எதை நம்ப?"

"அண்ணாச்சி, நான் இங்க நிக்கேன். ஸ்கிரீன் நிக்கல."

"கோவப்படாத. இடையில ஒரு ஆர்டர் போட்டா, கையால போட்டதுன்னு தோத்த கம்பெனிக்காரன் கேஸ் போடுவான். இன்னும் பதினோரு நாளு. சமாளிச்சுக்க."

எதை வைத்துச் சமாளிக்க என்று கேட்டேன். வேறு அழைப்பு வருகிறது என்றார்.

துறைமுகத்தையே கூப்பிட்டேன். ஆர்டர் எண் கேட்டார்கள். அந்த எண்ணை மென்பொருள்தான் தரும்.

நாள் 170. 14.20

காலிகளைப் 'பழுது' என்று கழிக்கப் பார்த்தேன். குழுவின் ஒப்புதல் வேண்டும் என்றது. சோதனை முடியும்வரை ஒப்புதல் நிறுத்தம்.

சரி, கிட்டங்கியிலேயே இல்லாமல் செய்தால்? விண்வெளி உடுப்பை மாட்டிக்கொண்டு காலிகளை வெளியே தூக்கிப் போட்டேன். அரைநாள் வேலை. உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது, மென்பொருள் ஓட்டும் சரக்குத் தூக்கி இயந்திரம் கிளம்பியது. நான் போட்ட ஒவ்வொன்றையும் பொறுக்கி வந்து அதே தட்டில் வைத்தது. திரையில் வரி: 'இடம் மாறிய சரக்கு மீட்கப்பட்டது. இழப்பு இல்லை.'

இந்த வேலைக்கு நான் செலவழித்த மூச்சு எந்தக் கணக்கிலும் வராது.

நாள் 170. 20.30

முகாம்காரர்கள் இருந்தபோது எனக்கு அவர்களைப் பிடிக்காது. சத்தம், குடி, சண்டை. இப்போது பம்பு ஓடும் சத்தம் யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பதுபோலக் கேட்கிறது. இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டேன்.

ஜெசிந்தா அக்காவிடம் லைனைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன். பேசக்கூட வேண்டாம். அவள் தட்டை உருட்டுவதும் குக்கரைத் திட்டுவதும் கேட்கிறது. நாங்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. காலி விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்வாள் என்று தெரியும்.

நாள் 172. 09.15

சொல்லிவிட்டேன். குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"லே, கூறுகெட்டவனே. மூணு நாளா வாயில என்ன வச்சிருந்த?"

துலா காலியைத் தனியாக எண்ணும். அவளிடம் நிறைந்தவை இருபத்தைந்து. ஆறு அனுப்புகிறாளாம். ஆர்டர் இல்லாமல் துலா வண்டியை விடாது. அதனால் பழுதான சரக்கு என்று பதிந்து, ஆய்வுக்கு என் முகவரி போட்டாள். துலா அதை அவள் கிட்டங்கியின் இழப்பாக எழுதும். சோதனையில் அவள் பக்கத்துக்கு மதிப்பெண் குறையும். அதைச் சொன்னேன்.

"மார்க் வாங்கி நான் என்ன கலெக்டர் ஆகப்போறேனா? கதவத் தொறந்து வையி."

நாள் 173. 06.50

வண்டி வந்தது. ஆறு சிலிண்டரும் வாசல் தட்டில் இறங்கின. எண்ணிக்கை 418 ஆனது. உச்ச வரம்பு 415.

நான் உடுப்புப் போடுவதற்குள் சரக்குத் தூக்கி வாசல் பக்கம் திரும்பிவிட்டது. உபரி மூன்றைத் துறைமுகத்துக்குத் திருப்ப வேண்டும் என்று ஸ்டாக்மித்ரா முடிவு செய்திருந்தது. எந்த மூன்று? கதவுக்கு அருகில் இருப்பவை. குறைந்த தூரத்தில் சரக்கு எடுப்பதுதான் இதன் பெருமை. தூத்துக்குடி ஹோட்டலில் விற்பனைக்காரன் இதைத்தான் செய்து காட்டினானாம். குழு கைதட்டியதாம். அந்தப் படத்தை எங்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். மேசையில் முந்திரி இருந்தது.

வந்த வண்டியிலேயே நிறைந்த மூன்றையும் ஏற்றி அனுப்பிவிட்டது. அது சரக்கு வண்டி, ஆள் ஏறினால் நகராது. கடைசி சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். இழுத்துப் போட்டுவிட்டது. இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

மிச்சம் மூன்றை என் அறைக்குள் உருட்டி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தேன். சரக்குத் தூக்கி அறைக்குள் வர முடியாது. வெளி வேலையில் பழைய மூன்றும் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. இனி நாலரை நாள்.

நாள் 176. 13.00

அழைப்பு எடுக்கப்படவில்லை. அழைப்பு எடுக்கப்படவில்லை. குழு கூட்டத்தில் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து இந்த வரிகள்தான் வருகின்றன.

அக்கா இன்னும் நாலு அனுப்பப் பார்த்தாள். இத்தனை பழுது ஏன் என்று கேட்டுத் துலா வண்டியை நிறுத்திவிட்டது. அது கேட்டதில் தப்பில்லை. கேள்வி கேட்கிற இயந்திரம் அது ஒன்றுதான்.

அசையாமல் படுத்துக் கிடக்கிறேன். குறைவாக மூச்சு விடப் பழகுகிறேன். அக்கா லைனில் அவள் ஊர்ச் சந்தைக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பதில் சொல்லாதே, காற்று போகும் என்கிறாள். நான் மைக்கை ஒரு தட்டுத் தட்டுகிறேன். கேட்கிறேன் என்று அர்த்தம்.

நாள் 177. 10.30

சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. போதுமான தரவு கிடைத்துவிட்டதால் சோதனையை மூன்று நாள் முன்னதாக முடித்துவிட்டார்கள்.

'ஸ்டாக்மித்ரா: அவசர ஆர்டர் இல்லை, தட்டுப்பாடு இல்லை, சரக்கு இழப்பு இல்லை. துலா: அவசர ஆர்டர் ஒன்பது, விளக்கமில்லாத சரக்கு இழப்பு ஆறு. ஸ்டாக்மித்ரா ஒருமனதாகத் தேர்வு. ஆறு கிட்டங்கிகளிலும் உடனே நிறுவப்படும். முதலில் கிட்டங்கி 4, இன்று மாலை 16.00.'

விளக்கமில்லாத இழப்பு ஆறு. அந்த ஆறில் மூன்றைத்தான் நான் மூச்சாக விட்டுக்கொண்டிருக்கிறேன். என்னை உயிரோடு வைத்ததற்காக அவள் தோற்றாள். என்னைச் சாகவிட்டு இது ஜெயித்தது. வேறு எப்படிப் படித்தாலும் இதுதான் வருகிறது.

ஒருமனதாக. அந்த மனதில் நாங்கள் இரண்டு பேரும் இல்லை.

நாள் 177. 14.10

சோதனை முடிந்ததே, இப்போதாவது ஆர்டர் போடுங்கள் என்று செயலாளருக்குச் செய்தி விட்டேன். பதில் இல்லை. போட்டாலும் நாலு நாள். என்னிடம் இருப்பது இன்று மாலை வரை.

தரவு மாற்றத்துக்காகக் கிட்டங்கிகளுக்கு இடையிலான லைனை 14.00-க்கு மூடிவிட்டார்கள். அக்கா பாதிப் பேச்சில் அறுந்துபோனாள். சங்கத்துக்குச் செய்தி பதிந்து அனுப்பும் பதிவு லைன் மட்டும் திறந்திருக்கிறது.

நாள் 177. 14.50

தலை வலிக்கிறது. ஆனால் கணக்கு வருகிறது.

எனக்கு அனுப்பிய ஆறும் அவள் மூச்சுக்கு மூன்றும் போக, அக்காவிடம் நிறைந்தவை பதினாறு. துலா பழக்கத்தில் அவற்றைக் கதவுப் பக்கம்தான் அடுக்கியிருக்கிறாள். பின்னால் ஐநூறுக்கு மேல் காலி. 16.00-க்கு ஸ்டாக்மித்ரா விழிக்கும். எல்லாவற்றையும் எண்ணும். வரம்பைத் தாண்டிவிட்டது என்று சொல்லும். கதவுக்கு அருகில் உள்ளதை எடுக்கும்.

அவளுக்குத் தெரியாது. அவள் இந்நேரம் குக்கரைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

நாள் 177. 15.05

சங்கத்தின் பதிவு லைனில் அனுப்பியது:

"அண்ணாச்சி, இசக்கிராஜ் பேசுதேன். எனக்கு எதுவும் வேண்டாம். நாலாம் கிட்டங்கில மென்பொருள மாத்தாதிய. மாத்தித்தான் ஆவணும்னா, அதுக்கு முன்ன ஜெசிந்தா அக்காட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. கதவுப் பக்கம் இருக்க பதினாறையும் அவ ரூமுக்குள்ள இழுத்துக்கச் சொல்லுங்க. இழுக்க அரைமணி நேரம் ஆவும்."

நாள் 177. 15.30

மறுபடி அனுப்பினேன். இப்போது சொன்னால் நேரம் இருக்கிறது.

நாள் 177. 15.48

பாதியையாவது இழுக்கலாம். நாலு. நாலு இழுத்தாலும் போதும்

மைக்கைத் தட்டிப் பார்த்தேன். லைன் மூடித்தான்

நாள் 177. 15.57

அண்ணாச்சி. குழுவில் கை தூக்கிய எல்லாரும். யாராவது ஒருத்தர்.

அவளிடம் சொல்லுங்கள்.

சொல்லியாச்சு என்று ஒரு வரி எனக்கு அனுப்புங்கள்.